கம்பி அறுந்துவிடும் என்று சொன்னேன்

உங்களில் பாதிப் பேர் என் விரல்களைப் பார்க்கத்தான் வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். மன்னிக்க வேண்டும். இந்த விரல்கள் இப்போது இட்லியைப் பிய்க்கவே யோசிக்கின்றன. கிதாரை வீட்டில் வைத்துவிட்டு, சில தாள்களில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டு இறங்கிவிடுவேன். வாயால் பேச விட்டால் எனக்குக் கடிவாளம் கிடையாது.

எந்தக் கார்டை, அதாவது எந்தச் சுரக்கொத்தை, எங்கே பிடிப்பது, எந்த விரலை எப்போது எடுப்பது, இதெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. வீட்டில் உட்கார்ந்து நாலு மாதம் மல்லுக்கட்டினால் அதெல்லாம் தானே வந்துவிடும். வராதது வேறொன்று. ஜோடி ஜோடியாக ஆட்டக்காரர்கள் தரையில் இறங்கி நிற்கும்போது ஏதாவது ஒன்று கோணிக்கொள்ளும். அப்போது என்ன செய்வீர்கள்? அதற்குப் புத்தகம் கிடையாது. எனக்கு அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதை மட்டும் சொல்கிறேன்.

நான் மட்டாஞ்சேரிக்காரன். மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். அப்பாவும் நானும் ஒரே மிளகுக் கிட்டங்கியில் வேலை பார்த்தோம். அவர் தராசு பக்கம், நான் மூட்டைக் குறிப்பு எழுதும் மேசையில். இருபது வயதில் துறைமுகத்தில் ஒரு கப்பல்காரர் விற்றுவிட்டுப் போன கிதார் என் கைக்கு வந்தது. பெரிய வயிறும், இரண்டு பக்கமும் கீறிய துளையும் உள்ள கிதார். அம்மா கடைசிவரை அதை ஊதிப்போன வீணை என்றே சொன்னார். தேயிலைக் கம்பெனி துரை ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப் போன கிராமபோன் தட்டுகள் கொஞ்சம் கிடைத்தன. ஒரே இடத்தில் ஊசியைத் திரும்பத் திரும்ப வைத்துக் கேட்டு, தட்டு தேய்ந்து இரைய ஆரம்பிக்கும்வரை கேட்டு, கற்றுக்கொண்டேன். குரு என்று சொல்லிக்கொள்ள வேறு யாரும் இல்லை.

ஜாஸ் என்று நீங்கள் இப்போது கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறீர்கள். எங்களுக்கு அது ஆட்டத்துக்கு வாசிக்கிற வேலை, அவ்வளவுதான். ஐம்பதுகளின் நடுவில் துறைமுகத் தீவில் இருந்த ஒரு கிளப்பில் எங்கள் பாண்ட். ஞாயிறு மாலை நாலு மணிக்குத் தேநீர் நடனம், புதன்கிழமை பயிற்சி. மட்டாஞ்சேரி ஜெட்டியில் ஐந்து பேரும் படகு ஏறுவோம். மழைக்காலத்தில் டபுள் பாஸுக்குத் தார்ப்பாய் போர்த்தி, நாங்கள் நனைந்துகொண்டு போவோம். வாத்தியம் நனைந்தால் போச்சு. மனுஷன் நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம்.

ஐந்து பேரைச் சொல்லிவிடுகிறேன். டிரம்ஸ் வாசித்தவர்தான் பாண்டின் தலைவர். கொச்சிக்காரர், துறைமுகப் பட்டறையில் வேலை. நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் முறைக்குச் சேட்டன் என்றுதான் கூப்பிடுவோம், ஆகவே இங்கேயும் சேட்டன். சாக்ஸபோன் ஒருவர், டபுள் பாஸ் ஒருவர், கிதார் நான். பியானோ டோரீன்.

டோரீன் போத்தனூர் ரயில்வே காலனியில் பிறந்த ஆங்கிலோ இந்தியப் பெண். என்னைவிட மூன்று வயது மூத்தவர். கல்யாணமாகிக் கொச்சிக்கு வந்தவர், துறைமுகத்தில் நடந்த ஒரு விபத்தில் கணவர் போய்விட்டார். கையில் ஒரு சின்னப் பெண் குழந்தை. கிளப் பியானோவும், நாலைந்து வீட்டுக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடமும்தான் அந்த வீட்டின் அடுப்பை எரித்தன. எங்களுக்கெல்லாம் பகலில் வேறு வேலை இருந்தது. அவருக்கு இல்லை. இதை நினைவில் வையுங்கள்.

எங்களோடு தமிழில்தான் பேசுவார், போத்தனூர்த் தமிழ். பேச்சுக்குப் பேச்சு ‘மென்’ போடுவார். ஆணோ பெண்ணோ பூனையோ, அவருக்கு எல்லோருமே மென்தான். நான் சேர்ந்த முதல் வாரம் பயிற்சியில் ஆறு கம்பியையும் போட்டு அடித்துக்கொண்டிருந்தேன். பியானோவிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

“என்ன மென், தேங்காய் உடைக்கிறியா? மூணு கம்பி போதும். மீதிக்கு நான் இருக்கேன்ல.”

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் மூன்று கம்பியில் வாசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. மைக்கும் கிடையாது, மின்சாரமும் கிடையாது. அந்தக் காலத்துக் கிதார்காரனின் வேலை வண்டியை ஓட்டுவது அல்ல, சக்கரத்துக்கு மசகு போடுவது. வாசிக்கும்போது யாருக்கும் கேட்காது. நிறுத்தினால் எல்லோருக்கும் தெரியும். நாலு வருஷம் அப்படி வாசித்தோம். அவர் இடது கை விட்ட இடத்தில் நான், நான் விட்ட இடத்தில் அவர். யார் எதை வாசிப்பது என்று ஒருநாள்கூடப் பேசி வைத்துக்கொண்டதில்லை.

இப்போது பியானோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிளப்பின் பியானோ கடலைப் பார்த்த ஹாலில் கிடந்தது. ஈரம் தங்காமல் இருக்க அதன் வயிற்றுக்குள் எப்போதும் ஒரு பல்ப் எரிந்துகொண்டிருக்கும். அப்படியும் கம்பிகள் துருப்பிடித்துவிட்டன. வருஷத்துக்கு ஒருமுறை மதராசிலிருந்து ட்யூன் பண்ண வருபவர் உள்ளே எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார். சரியான சுருதிக்கு இழுத்தால் கம்பி அறுந்துவிடும் என்று, முழு பியானோவையும் ஒரே அளவாகக் கீழே இறக்கி வைத்துவிட்டுப் போனார். அரை சுரம்கூட இல்லை, அதற்கும் குறைச்சல். முழுசாக அரை சுரம் இறங்கியிருந்தால் டோரீன் பக்கத்துக் கட்டையை அழுத்தி ஒப்பேற்றிவிடுவார். இது இரண்டுக்கும் நடுவில் திரிசங்காக நின்றது. இப்போது உங்கள் கீபோர்டில் ஒரு பொத்தானைத் தட்டினால் தீர்ந்தது. அன்றைக்கு வேறு வழி, பாண்ட் முழுவதும் பியானோவுக்கு இறங்கி வருவதுதான். நானும் பாஸ்காரரும் கம்பியைத் தளர்த்திக்கொள்வோம். சாக்ஸபோன்காரர் வாய்த்துண்டை வெளியே இழுத்து, உதட்டையும் தளர்த்தி, எப்படியோ வந்து சேர்ந்துவிடுவார். எங்களுக்குள் நாங்கள் ஒத்துப்போனால் போதும், ஆடுகிறவர்களுக்கு என்ன தெரியும்?

அந்த வருஷம் கிளப்புக்குப் புதுச் செகரட்டரி வந்தார். துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த நேரம், உறுப்பினர்கள் குறைந்துவிட்டார்கள். ஐந்து பேர் எதற்கு, நாலு பேர் போதாதா என்று அவர் சேட்டனிடம் கேட்டிருக்கிறார். மழைக்காலம் முடிவதற்குள் தானே கேட்டு முடிவு செய்வதாகவும் சொல்லியிருக்கிறார். ஐந்து பேரில் ஒருவர் போக வேண்டும். யார்? டிரம்ஸ் தலைவர். பாஸ் இல்லாமல் கால் நகராது. சாக்ஸபோன் இல்லாமல் பாட்டே இல்லை. பியானோ கிளப்பின் சொத்து. கேட்கிறதா இல்லையா என்று எதிரில் இருப்பவருக்கே சந்தேகமாக இருக்கும் வாத்தியம் ஒன்றுதான் இருந்தது. எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கிளப்பை விட்டால் கொச்சியில் எனக்கு வேறு பாண்ட் இல்லை, ஆயுசுக்கும் மிளகு மூட்டைதான்.

புதன்கிழமை படகில் டோரீன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“மூஞ்சியைத் தொங்கப்போடாதே மென். நான் நேத்தே செகரட்டரியைப் பார்த்துட்டேன். கிதாரை எடுத்தா என் இடது கையை எடுத்த மாதிரி, அவன் இல்லேன்னா நானும் வரலைன்னு சொல்லிட்டேன்.”

எதற்கு அப்படிச் சொன்னீர்கள், உங்களையும் சேர்த்து அனுப்பிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அனுப்ப மாட்டார்கள் என்றார். நான் நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லியிருக்க மாட்டேன்.

அந்த ஞாயிறு வந்தது. காலையிலிருந்து விடாத மழை. சாக்ஸபோன்காரருக்கு மஞ்சள்காமாலை, படுத்துவிட்டார். செகரட்டரி அன்றைக்குத்தான் முன் மேசையில் உட்கார்ந்து கேட்கப்போகிறார். சேட்டன் அலைந்து திரிந்து, பழுதுபார்க்கத் துறைமுகத்தில் நின்ற ஒரு பயணிகள் கப்பலிலிருந்து கிளாரினெட் வாசிப்பவரைப் பிடித்துக்கொண்டுவந்தார். கோவாக்காரர், தங்கமான மனுஷன், நல்ல கை. பயிற்சிக்கு நேரமில்லை. நேராக மேடைக்கு வந்து, கருவியைப் பூட்டி, தலையசைத்தார். நாங்களும் வழக்கம்போலப் பியானோவுக்குச் சுருதி சேர்த்துவிட்டு ஆரம்பித்தோம்.

ஒரு வரி போகவில்லை, எனக்குப் பல் கூசியது. கிளாரினெட் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். கிளாரினெட்டுக்கு அவ்வளவு தூரம் இறங்கத் தெரியாது. அவர் குழலை இழுத்து நீட்டிப் பார்த்தார், உதட்டைத் தளர்த்திப் பார்த்தார், வியர்த்துக் கொட்டியது. ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒரு ஜோடி நின்று எங்களைப் பார்த்தது. செகரட்டரி கோப்பையைக் கீழே வைத்தார். சேட்டன் பாட்டைப் பாதியில் முடித்தார். முடித்துவிட்டு டோரீனைப் பார்த்தார், கிளாரினெட்டைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். ஒருத்தர் வாசிப்பதை நிறுத்த வேண்டும், யார் என்று அவருக்குச் சொல்ல வரவில்லை.

நான் காத்திருக்கவில்லை. குனிந்து ஆறு கீயையும் முறுக்கி, கிளாரினெட்டோடு சேர்த்தேன். பாஸ்காரரையும் சுருதியை ஏற்றச் சொன்னேன். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. சேட்டனுக்குப் புரிந்துவிட்டது. குச்சிகளை வைத்துவிட்டுப் பிரஷ்ஷை எடுத்தார், கிதார் கேட்க வேண்டுமே என்று. டோரீன் கட்டைகளிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டவும் செய்தார்.

அது சரியான முடிவு. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். தரையில் ஜனம் நிற்கும்போது கமிட்டி கூட்டிப் பேச முடியாது. யாராவது ஒருவர் திரும்ப வேண்டும், மற்றவர்கள் அவரைப் பார்த்துத் திரும்ப வேண்டும். இதுவரைக்கும் நீங்கள் என்னைப் பின்பற்றலாம்.

அதன் பிறகு நடந்தது எனக்கே ஆச்சரியம். பியானோ இல்லாத இடம் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. அதை நிரப்ப என்னிடம் இருந்தது மூன்று கம்பி மட்டும். டோரீனின் இடது கை என்ன வாசிக்கும் என்று எனக்கு மனப்பாடம், அதை எடுத்துக் கிதாரில் போட்டேன். மூன்றாவது பாட்டில் கிளாரினெட்காரர் குழலை இறக்கிவிட்டு, நீ வாசி என்று கண்ணைக் காட்டினார். நாலு வருஷத்தில் நான் ஒரு சோலோ வாசித்ததில்லை. ஒற்றைக் கம்பியில் வாசித்தால் மழைச் சத்தத்தில் காணாமல் போய்விடும். அதனால் பாட்டை மேல் கம்பியில் வைத்து, கீழே கார்டைச் சேர்த்தே வாசித்தேன். ஹால் கேட்டது. ஆடிக்கொண்டே தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். என் பாணி என்று நீங்கள் எழுதுகிறீர்களே, கார்டிலேயே பாடுவது, அது அங்கே, அந்த மூன்றாவது பாட்டில் பிறந்தது. கைதட்டினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சந்தோஷம் என் கல்யாணத்தில்கூட எனக்கு இல்லை. வீட்டுக்காரி இன்று வரவில்லை, அதனால் தைரியமாகப் படிக்கிறேன்.

பிறகு இடைவேளை. தேநீர், கட்லெட், கால் மணி நேரம். பாண்டுக்குப் பின்கதவு வராந்தாவில் தருவார்கள். டோரீன் கோப்பையோடு வந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை, வேலை பேசுகிற முகம்.

“நல்லா போச்சு மென். அடுத்த பாதிக்குக் கிளாரினெட் ரெஸ்ட் எடுக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் பழையபடி இறக்கிடுங்க. பாட்டை நான் பியானோவுல எடுத்துக்கறேன்.”

எவ்வளவு நியாயமான யோசனை பாருங்கள். முதல் பாதி கிளாரினெட், இரண்டாம் பாதி பியானோ. செகரட்டரி இரண்டையும் கேட்பார். கிளாரினெட்காரர் உடனே சம்மதித்தார், அவர் கண் கட்லெட் தட்டில் இருந்தது. சேட்டனும் அது மதி, அது போதும் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கதவு வழியாக எனக்கு ஹால் தெரிந்தது. செகரட்டரி தன் மேசைக்கு வந்த ஒருவரிடம் பேசிக்கொண்டே என் நாற்காலியைக் கைகாட்டினார். கிதார் சாய்த்து வைத்திருந்த அந்த நாற்காலியை.

“முடியாது சேட்டா,” என்றேன். “ஏத்தின கம்பியை இப்ப இறக்கினா அறுந்துடும். மாத்துக் கம்பி என்கிட்ட இல்லை.”

கிதார் வாசிக்கிறவர்கள் இந்த இடத்தில் தலையை நிமிர்த்துவீர்கள் என்று தெரியும். ஆமாம். கம்பியை ஏற்றினால்தான் அறும், இறக்கினால் அறுவது எங்காவது உண்டா? பியானோ ட்யூனர் சொன்ன காரணத்தைத் தலைகீழாகப் பிடித்து என் வசதிக்கு வைத்துக்கொண்டேன். சேட்டன் டிரம்ஸ்காரர், அவருக்குக் கம்பி சமாசாரம் தெரியாது. அந்தக் காலத்தில் கிதார் கம்பி கிடைப்பதும் குதிரைக்கொம்பு. அவர் நம்பிவிட்டார். பாஸ்காரருக்குத் தெரியும். அவர் தேநீரில் இல்லாத சர்க்கரையைக் கலக்க ஆரம்பித்தார். டோரீனுக்கும் தெரியும். நாலு வருஷமாக ஞாயிறுதோறும் நான் கம்பியை இறக்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் அவர். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். “சரி” என்றார். கோப்பையைச் சுவரோரமாக வைத்துவிட்டு உள்ளே போனார்.

இரண்டாம் பாதி ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் அவர் பியானோ முன்னால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். காலால் தாளம் போட்டார். என் சோலோவுக்குக் கை தட்டினார். செகரட்டரி கேட்டார், பார்த்தார். பியானோக்காரி சும்மா உட்கார்ந்திருக்க, பாண்ட் ஜோராக நடந்துகொண்டிருந்தது.

அவசரத்தில் தப்பு நடந்துவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். பொய். அவசரத்தில் நான் செய்தது சரிதான். உட்கார்ந்து, தேநீர் குடித்து, யோசித்துச் செய்ததுதான் தப்பு. நெருக்கடியில் உங்கள் கை தானாக ஏதோ செய்துவிடும், அது பழக்கம். நெருக்கடி தீர்ந்து மூச்சு விடும்போது, பக்கத்தில் யார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று திரும்பிப் பாருங்கள். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்திருந்தாலும் அன்று நான் கேட்டிருப்பேனா, தெரியாது.

புதன்கிழமை ஜெட்டியில் சேட்டன் விஷயத்தைச் சொன்னார். நாலு பேர் மதியாம். பியானோவை மூடிவைக்கச் சொல்லிவிட்டார்களாம். உனக்கு இனிப் பயமில்லை என்று என் தோளைத் தட்டினார். அவரும் வருத்தத்தில்தான் இருந்தார், ஆனால் ஒருவராவது தப்பித்ததில் அவருக்கு நிம்மதி. டோரீன் அன்று வரவில்லை.

கிதாரை எடுத்தால் நானும் வரமாட்டேன் என்று டோரீன் எனக்காகச் சொன்ன அதே வார்த்தையை நான் அவருக்காகச் சொல்லியிருக்கலாம். படகில் போகும்போது அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன், ஆங்கிலத்தில், இலக்கணப் பிழையில்லாமல். கிளப் வாசலில் செகரட்டரியே எதிரில் வந்தார். கையைக் குலுக்கினார். கிதாரில் இவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்றார். நான் தேங்க் யூ என்றேன். அதோடு அவர் காரில் ஏறிப் போய்விட்டார். இன்னொரு நாள் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை, வெட்கக்கேடு.

ஒரு வாரம் கழித்து டோரீன் வீட்டுக்குப் போனேன். ஒரு குழந்தைக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. முடியும்வரை வெளியே நின்றேன். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். நான் செகரட்டரியிடம் பேசப்போகிறேன் என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“வேணாம் மென். நீ பேச மாட்டே. பேசறேன்னு என்கிட்ட சொல்லிட்டு, அப்புறம் பேசாம இருந்தா, நான் உன்னை மறுபடி பார்க்க முடியாது. அதனால சொல்லாதே.”

கோபமாகச் சொல்லவில்லை. சாயா போட்டுக் கொடுத்தார். மழையைப் பற்றியும், சாக்ஸபோன்காரரின் காமாலைக்கு யாரோ சொன்ன கீழாநெல்லி வைத்தியத்தைப் பற்றியும் பேசினோம். இரண்டு மாதத்தில் வீட்டைக் காலிசெய்துகொண்டு மகளோடு போத்தனூருக்குப் போய்விட்டார். அங்கே ரயில்வே பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பு எடுக்கும் வேலை கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன். வழியனுப்ப நான் போகவில்லை. கிட்டங்கியில் லீவு கிடைக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டால்தானே கிடைப்பதற்கு!

அந்த நாற்காலியில் பத்து வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தேன். பெயர் வந்தது. பம்பாயிலிருந்து வருகிறவர்கள் என்னைத் தேடி வந்தார்கள். கார்டிலேயே பாடும் வித்தை எப்படி வந்தது என்று கேட்பார்கள். நானும் கதை சொல்வேன். மழை, கப்பலிலிருந்து வந்த கிளாரினெட், கெட்டுப்போன பியானோ, அரை நிமிஷத்தில் ஆறு கீயை முறுக்கிப் பாண்டைக் காப்பாற்றிய நான். நல்ல கதை. சொல்லச் சொல்ல மெருகேறியது. பியானோவுக்கு முன்னால் ஒரு மனுஷி உட்கார்ந்திருந்தாள் என்பது அதில் வராது. கால் மணி நேர இடைவேளையும் வராது.

அறுபதுகளின் கடைசியில் கிளப் ஆட்டத்தை நிறுத்தியது, பாண்டும் கலைந்தது. கோட்டைக் கொச்சியில் ஒரு மாதா கோயில் ஹாலில் ஊர்க்காரர்கள் எங்களுக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள். மத்தியான நேரம், ஹால் நிறைய ஜனம். மாலை போட்டார்கள், பேசச் சொன்னார்கள். அந்தக் கதையையே சொன்னேன். அன்று நன்றாகவே சொன்னேன், கிளாரினெட்காரர் வியர்த்ததை நடித்துக்கூடக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள், கை தட்டினார்கள். அப்போதுதான் பார்த்தேன். நாலாவது வரிசையில் டோரீன் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. பக்கத்தில் ஒரு வளர்ந்த பெண்.

மேடையிலிருந்து இறங்கினேன். அவர்களே வந்தார்கள். யாரோ உறவுக்காரர் கல்யாணத்துக்குக் கொச்சி வந்ததாகவும், நோட்டீஸைப் பார்த்து வந்ததாகவும் டோரீன் சொன்னார். மகளை அறிமுகம் செய்தார். அந்தப் பெண்ணுக்குக் கண்ணெல்லாம் சிரிப்பு.

“அங்கிள், இந்தக் கதை எனக்கு மனப்பாடம். மம்மி எத்தனை தடவை சொல்லியிருக்காங்க தெரியுமா? பியானோ கெட்டுப்போய் மம்மி சும்மா உட்கார்ந்திருந்தாங்களாம், நீங்க ஒரு ஆளா வாசிச்சீங்களாம். அப்படி ஒரு கிதாரை அதுக்கப்புறம் கேட்டதே இல்லைன்னு சொல்லுவாங்க.”

நான் டோரீனைப் பார்த்தேன். அவர் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். பத்து வருஷத்துக்கு மேல் மகளிடம் என்னைக் காட்டிக்கொடுக்காமல் வைத்திருந்திருக்கிறார். என் கதையில் நான் அவருக்கு ஒரு நாற்காலிகூடக் கொடுக்கவில்லை. அந்தப் பெண்ணிடம்தான் சொன்னேன்.

“பியானோ கெட்டுப்போகலை மோளே. இடைவேளைக்கு அப்புறம் உன் அம்மா வாசிச்சிருக்கலாம். கம்பி அறுந்துடும்னு நான் பொய் சொன்னேன். அதனாலதான் அம்மாவுக்கு அந்த வேலை போச்சு.”

அவளுக்கு உடனே புரியவில்லை. அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிப்பு மெதுவாகப் போயிற்று. டோரீன் கைப்பையை மூடினார். என் சட்டையில் ஒட்டியிருந்த மாலைப் பூவின் இதழ் ஒன்றை எடுத்துக் கீழே போட்டார்.

“இதை மேலே நின்னு சொல்லியிருக்கலாமே, மென்,” என்றார்.

மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. போன வருஷம் அவர் இறந்துபோனதாக அந்தப் பெண் இரண்டு வரி எழுதியிருந்தாள். நடுவில் நான் எத்தனையோ மேடை ஏறியிருக்கிறேன், எத்தனையோ மாலை வாங்கியிருக்கிறேன். மேலே நின்று இதைச் சொல்வது இன்றைக்குத்தான்.